நிழலுக்கு முழுக் கிணறு

ஊத்துக்காட்டுவலசு துளசிமணி போன வருடம் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் சம்பாதித்திருக்கிறாள் என்ற செய்தி, மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலையில், அரசாங்க முத்திரையோடு அவளுக்கே தபாலில் வந்து சேர்ந்தது. அப்போது அவள் வாசலில் உட்கார்ந்து அறுந்த செருப்பு வாருக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். 'தங்கள் நிழல் வயலின் நிகர வருமானம் திட்டத்தின் உச்சவரம்பைத் தாண்டிவிட்டதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஆகவே, உழவர் வாழ்வுறுதித் திட்டத்தின் கீழ் தங்களுக்கு வழங்கப்பட்டுவந்த உதவித்தொகை நிறுத்தப்படுகிறது. தங்கள் வளர்ச்சிக்கு வாழ்த்துகள்.' கீழே இயக்குநர் முனைவர் வெற்றிவேந்தனின் கையெழுத்து, காகிதத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை குதிரை ஓடின மாதிரி ஓடியிருந்தது.

வளர்ச்சி எந்தப் பக்கம் வந்திருக்கிறது என்று துளசிமணி சுற்றுமுற்றும் பார்த்தாள். இரண்டேகால் ஏக்கர் உழவுக் காடு, நாலு ஆடு, கணவர் காலமான பிறகு ஓடு மாற்றாத ஒரு வீடு. ஓசூரில் மகள். ஐம்பத்திரண்டு வயதில் அவளிடம் வளர்ந்திருந்தது வாய் ஒன்றுதான். அதற்கு அரசாங்கம் வாழ்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

பட்டத்துக்கு முப்பதாயிரம். அதுதான் அந்தத் திட்டம். விதைக்கும் முன்னால் கையில் வந்துவிடும். அந்தப் பணத்தில் விதை வெங்காயம் வாங்கினால்தான் காட்டில் பச்சை தெரியும். போன ஐப்பசிப் பட்டத்துக்கு அது வரவில்லை. அரசாங்கம் என்றால் கொஞ்சம் தாமதம் இருக்கும் என்று, கிராமத்துப் பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப்போலக் காத்திருந்தாள். பட்டம் போய்விட்டது, காடு தரிசாகக் கிடந்தது. அடுத்தடுத்து இரண்டு பட்டம் தரிசு போட்டால் உழவர் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். ஒரு தடவை எடுத்தால் எடுத்ததுதான்.

இதை மோப்பம் பிடித்து சூரிய மின்சாரக் கம்பெனி ஆள் ஒருவன் ஏற்கெனவே இரண்டு முறை வந்து போயிருந்தான். நிலம் முழுக்கக் கண்ணாடித் தட்டுகள் பரப்புவார்களாம். அவளுக்கும் வேலை உண்டாம், காவல் வேலை.

"சம்பளம், யூனிபார்ம், விசிலு எல்லாம் நாங்களே குடுத்தர்றோமுங்க."

"எம்பட காட்டுக்குள்ள நானே விசிலு ஊதிட்டு நிக்கறதா?" என்று துளசிமணி கேட்டாள். அவன் சிரித்தான். வைகாசியில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பில் இருந்த நிச்சயம்தான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் முதல் ஆளாகப் போய் நின்றாள். உதவி அலுவலர் சபூரா பேகம் அப்போதுதான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல் இயக்குநரின் ஆளுயரப் படம். ஒரு நெற்கதிரைக் கையில் பிடித்து, அது எந்தப் பக்கம் மேல் என்று யோசிப்பதைப்போல நின்றிருந்தார்.

"ஏனுங்க மேடம், இந்த நாலு லட்சத்த ஆருகிட்டப் போய் வாங்கோணும்?"

"எந்த நாலு லட்சமுங்க?"

"நான் சம்பாரிச்சதுங்க. லெட்டர்ல இருக்குது. எங்க வெச்சேன்னுதான் தெரியல."

சபூரா கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த மாதத்தில் இப்படி வந்த எத்தனையாவது ஆள் இவள் என்பது அவள் விட்ட பெருமூச்சின் நீளத்தில் தெரிந்தது.

"உக்காருங்கக்கா. இது நீங்க சம்பாரிச்சதில்லீங்க. உங்க நிழல் சம்பாரிச்சது."

"நிழலா?"

"மாசச் சம்பளம் வாங்கறவனுக்குச் சம்பளச் சீட்டு இருக்குது. விவசாயிக்கு என்ன இருக்குது? எல்லாருமே கஷ்டமுன்னுதான் சொல்றாங்க. ஆரு நெசமாலுமே கஷ்டப்படறாங்க, ஆரு சும்மா சொல்றாங்கன்னு கவர்மெண்டுக்கு எப்பிடித் தெரியும்? அதனால ஒவ்வொரு காட்டுக்கும் கம்ப்யூட்டருக்குள்ள அதே மாதிரி ஒரு காடு செஞ்சுட்டாங்க. அதே மண்ணு, அதே மழை, அதே சந்தை வெலை. அதுக்குள்ள உங்களாட்டம் ஒரு ஆளு. உங்க வயசு, உங்க படிப்பு. புத்தி மட்டும் கொஞ்சம் சேத்தி. அந்த ஆளு என்ன சம்பாரிக்குதோ, அதான் நீங்க சம்பாரிச்சிருக்க வேண்டியது."

"அது சம்பாரிச்சு, நான் சம்பாரிக்கலீன்னா?"

சபூரா சற்றுத் தயங்கினாள். "ஆபீசு பாஷையில அதுக்கு 'முயற்சிக் குறைபாடு'ன்னு பேருங்கக்கா."

"சோம்பேறிங்கறீங்க."

"நான் சொல்லலீங்க. நிழல் சொல்லுது."

"அந்த மகராசியக் கொஞ்சம் காட்டுங்க பாக்கலாம்."

சபூரா திரையைத் திருப்பினாள். துளசிமணியின் காடுதான். அதே வேப்பமரம், அதே வரப்பு. ஆனால் வரப்பு சரியாமல் இருந்தது. காட்டின் நடுவே ஒரு பெண் நடந்து போனாள். இஸ்திரி போட்ட கைத்தறிச் சேலை. காலில் பொட்டுச் சேறு இல்லை. வெயிலைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

"இவ எந்தக் கல்யாணத்துக்குப் போறா?"

"டைரக்டர் சார் சொல்லி வெச்ச சேலைங்க. உழவர்னா கம்பீரமா இருக்கோணுமாம்."

துளசிமணி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் மஞ்சள். இன்னொரு பக்கம் வாழை. வரப்பு ஓரமெல்லாம் தென்னை. அந்த மண்ணில் இதெல்லாம் வராது என்று இல்லை. வரும். தண்ணீர் இருந்தால் வரும்.

"வாழைக்குத் தண்ணி?"

"உங்க கெணறுதானுங்க."

"எத்தன நாளைக்கு ஒருக்கா?"

சபூரா ஏதோ ஒரு பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தெனமும்" என்றாள்.

துளசிமணி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார்.

"அம்மணி, அது அஞ்சு வீட்டுக் கெணறு. பங்காளிக அஞ்சு பேருக்கும் பொது. எட்டு நாள் முறை. அதுல எனக்கு ரெண்டு நாள். எங்க கொழுந்தனார் தங்கமுத்துக்கு ரெண்டு நாள். மத்த மூணு வீட்டுக்கும் ஆளுக்கொரு நாள். எட்டாம் நாள் வேற கதை, அத அப்பறம் சொல்றேன். என்ற பங்குத் தண்ணியில வெங்காயத்துக்கே வேர்வை ஊத்தோணும். வாழையாமா, வாழை!"

சபூரா பத்திரப் பதிவை எடுத்துப் பார்த்தாள். 'கிணற்றில் பாத்தியம் உண்டு' என்று ஒரே வரி. எத்தனை நாள் என்று இல்லை. தாத்தா காலத்திலிருந்து அந்த ஊரில் எவரும் அதை எழுதியதில்லை. காலையில் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்பதைப் பத்திரத்தில் யாராவது எழுதுவார்களா? அதைப்போல இதுவும் ஊருக்கே தெரிந்த சங்கதி. கம்ப்யூட்டர் அந்த ஊரில் பிறக்கவில்லை. பாத்தியம் உண்டு என்று படித்தது. கிணற்றைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டது.

ஒரு சந்தேகம் வந்து, சபூரா மற்ற நான்கு வீட்டு நிழல்களையும் திரையில் வரிசையாகக் கொண்டுவந்தாள்.

"அக்கா, அஞ்சு நிழலும் ஒரே நேரத்துல மோட்டாரு போட்டுட்டு இருக்குதுங்க."

"கெணறு தாங்குதா?"

"ததும்பி நிக்குதுங்க."

"ஒரே தண்ணிய அஞ்சு வாட்டி எறைக்கறாங்க. இந்த மாதிரி ஒரு கெணறு கெடைச்சா நானும் இஸ்திரி போட்ட சீலைதான் கட்டுவேன்."

திருத்தம் செய்ய நேரில் பார்த்து எழுத வேண்டும் என்றது விதி. ஞாயிற்றுக்கிழமை காலை சபூரா தன் ஸ்கூட்டரில் ஊத்துக்காட்டுவலசுக்கு வந்தாள். கிணற்றடியில் ஐந்து வீட்டு ஆட்களும் கூடியிருந்தார்கள். ஒப்பந்தம், ரசீது, தீர்மானப் புத்தகம், ஏதாவது ஒரு காகிதம் கொடுங்கள் என்று கேட்டாள். தங்கமுத்து இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். மோட்டார் பெட்டியின் சாவி. பித்தளை தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"இதுதானுங்க பத்திரம். சாவி ஆரு கையில இருக்குதோ, அன்னைக்குக் கெணறு அவங்களுது. விடிஞ்சதும் அடுத்த வீட்டுல கொண்டுபோய்க் குடுத்தரோணும். இதுவரைக்கும் ஒரு நாள் தப்பினதில்லீங்க. சம்சாரம் பிரசவத்துக்குக் கெடந்தப்பக்கூட மச்சினன்கிட்டக் குடுத்தனுப்பிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

"எட்டாம் நாளு?" என்று சபூரா ஞாபகமாகக் கேட்டாள்.

"அது ராக்கியப்பன் நாளுங்க. வாரிசில்லாம செத்துப்போன பங்காளி. அவர் நாளைப் பிரிக்கல. ஒவ்வொரு பட்டத்துக்கும் முன்னால இங்க உக்காந்து, எந்த வீடு அதிகமா நொந்திருக்குதோ அதுக்குக் குடுத்தர்றது."

"நொந்தவங்க கேட்டுக்குவாங்களா?"

"கேக்கப்படாது!" என்று நான்கைந்து குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. தன் வீட்டுக்குத் தானே கேட்பது அங்கே பெரிய அவமானம். அடுத்த வீட்டுக்காரர் வாய் திறந்து, 'இந்தப் பட்டம் அந்த வீட்டுக்குக் குடுத்தரலாம்' என்று சொல்ல வேண்டும். சொன்னால் யாரும் மறுப்பதில்லை. தண்ணீர் என்று மட்டும் இல்லை. பொதுவில் வருவது எதுவானாலும், இலவச விதையோ, கோயில் கிடாவில் கறியோ, இதே வழக்கம்தான்.

"இந்தப் பட்டத்துக்கு எங்க அண்ணிக்காக நான்தான் கேட்டேனுங்க" என்றார் தங்கமுத்து. "எட்டாம் நாளும் அவங்களுக்குத்தான்."

"தண்ணி குடுத்தீங்க, செரி" என்றாள் துளசிமணி. "தண்ணிய நட்டா வெங்காயம் மொளைக்குமா? உங்களுக்கெல்லாம் பணம் வந்துருச்சல்லோ, எனக்கு மட்டும்…"

யாரும் அவளைப் பார்க்கவில்லை. தங்கமுத்து சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கடிதத்தை மெதுவாக எடுத்தார். முனைவர் வெற்றிவேந்தனின் குதிரைக் கையெழுத்து. அடுத்த வீட்டுக்காரர் இடுப்பைத் தடவினார். இன்னொருவர் பீடிக் கட்டுக்குள்ளிருந்து எடுத்தார். ஐந்து வீட்டுக்கும் வளர்ச்சி வந்திருந்தது. தனக்காகத் தானே கேட்கக் கூடாது என்ற பழக்கத்தில், ஐப்பசியிலிருந்தே பணம் வராததை ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்திருந்தார்கள்.

"அட ரோசக்காரங்களா!" என்றாள் துளசிமணி. சொல்லிவிட்டு ஒரு தடவை இருமிக்கொண்டாள்.

சபூரா கிணற்று மேட்டில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே, முறை நாட்கள், ராக்கியப்பன் நாள், அடுத்த வீட்டுக்காரர் கேட்கும் வழக்கம் எல்லாவற்றையும் தன் கருவியில் பதிந்தாள். ஒரே ஒரு கிணற்றின் முறையை மட்டும் பதியப் படிவம் இல்லை. 'வட்டார வழக்கம்' என்ற தலைப்பு மட்டும் இருந்தது. வட்டாரத்தில் பாதிக்கு மேல் கூட்டுக் கிணறுதானே என்று அதிலேயே போட்டாள்.

நான்கு நாள் கழித்து சபூராவிடமிருந்து போன் வந்தது.

"கெணத்தச் சரி பண்ணிட்டேனுங்கக்கா. எட்டுக்கு ரெண்டு நாள்."

"அப்பறம்? பணம் வந்துருமா?"

"உங்க நிழல் ஒரு பட்டம் வெள்ளாமை வெச்சுப் பாத்துச்சுங்க. அடுத்த பட்டம்…" சபூரா நிறுத்தினாள். "வீட்டப் பூட்டிட்டுத் திருப்பூருக்குப் போயிருச்சுங்க. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. மாசம் இருபத்தி நாலாயிரம், தீவாளிக்குப் போனசு."

துளசிமணி ஆட்டுக் கயிற்றைக் கையிலிருந்து நழுவ விட்டாள்.

"அதனால வருமானம் மறுபடியும் உச்சவரம்பத் தாண்டிருச்சுங்க. உதவித்தொகை கெடையாதுன்னு வருது."

"நான் இங்கதான கண்ணு இருக்கேன்?"

"நிழல் போயிருச்சுங்களே. புத்தியுள்ள ஆளு இந்தத் தண்ணிய வெச்சுட்டு விவசாயம் பண்ண மாட்டான்னு கணக்கு."

"தங்கமுத்து நிழலு?"

"அஞ்சும் ஒரே பஸ்ஸுலதானுங்க போயிருக்குது."

அஞ்சோடு நிற்கவில்லை. வட்டார வழக்கமென்று பதிந்ததால் வட்டாரத்தின் பதினெட்டாயிரம் நிழல்களுக்கும் உண்மையான தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. பங்குனி பிறப்பதற்குள் பதினெட்டாயிரமும் ஊரைக் காலி செய்துவிட்டன. கம்ப்யூட்டருக்குள் வேப்பமரங்கள் மட்டும் நின்றன. ஏழை உழவர் எண்ணிக்கை: பூஜ்யம்.

இதைக் கண்டு கலங்க வேண்டிய இயக்ககம் கேக் வெட்டியது. 'வறுமையற்ற முதல் வட்டாரம்' என்று விழா அறிவித்தார்கள். சாதனை உழவராகப் பொன்னாடை பெற ஒரு பெயர் தேவைப்பட்டது. அகர வரிசையில் தேடினார்களோ, அதிர்ஷ்டத்தில் தேடினார்களோ, துளசிமணிக்கு அழைப்பு வந்தது. பொன்னாடையை வாங்க மறுத்துவிடச் சொன்னார் தங்கமுத்து.

"ஏன் மறுக்கோணும்?" என்றாள் துளசிமணி. "மேடையில மைக்கு இருக்குமல்லோ?"

பங்குனி கடைசி வெள்ளிக்கிழமை. கல்யாண மண்டபம். கல்யாணத்துக்கு வைத்த வாழைமரங்களையே கழற்றாமல் விட்டிருந்தார்கள். மேடையில் தலைநகரத்திலிருந்து வந்த துறைச் செயலர் அம்மையார், வெயிலில் நான்கு மணி நேரம் பயணம் செய்த களைப்பில் கண் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் திரை. திரைக்குப் பக்கத்தில் கருவியோடு சபூரா. நடுவில் முனைவர் வெற்றிவேந்தன்.

"நிழல் என்பது வெறும் நிரல் அன்று!" என்று அவர் முழங்கினார். "உழவனின் உன்னத வடிவம் அது. மனிதன் பொய் சொல்வான். அதிகாரி தவறு செய்வார். நிழல் தவறு செய்யாது. நிழல் சொன்னால் அதற்கு மேல் சரிபார்ப்பு எதுவும் தேவையில்லை என்று ஆணையிலேயே எழுதிவைத்திருக்கிறோம். ஒரு சிக்கல் வந்தால் அது தானே தீர்வைத் தேடிக்கொள்ளும்!"

கைத்தட்டு எழுந்தது. அதில் பெரும்பங்கு அவர் அலுவலகத்துக்காரர்களுடையது. பொன்னாடை போர்த்தி முடிந்ததும் துளசிமணி மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு சந்தேகமுங்க ஐயா. எங்க வட்டாரத்து நிழலெல்லாம் திருப்பூருக்குப் போயிருச்சல்லோ. அங்க அதுக சோறு திங்குதுங்களா?"

"நிச்சயமாக. சத்தான உணவு. வாழ்க்கைச் செலவும் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது."

"குழம்புக்கு வெங்காயம் போடுதுங்களா?"

இயக்குநர் புன்னகை செய்தார். எளிய மக்களின் எளிய கேள்விகளுக்கென்று அவரிடம் ஒரு தனிப் புன்னகை இருந்தது. "போடும் அம்மா."

"அந்த வெங்காயத்த நட்டது ஆருங்க?"

புன்னகை அப்படியே இருந்தது. அவர் சபூராவைப் பார்த்தார். சபூரா மைக் இல்லாமலே சொன்னாள்.

"சந்தை வெலை மட்டும் வெளியில இருந்து எடுக்கறோமுங்க சார். நெசச் சந்தையில இருந்து. நட்டது… இவங்கதானுங்க."

"பாத்துக்குங்க!" என்று துளசிமணி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "நான் நட்ட வெங்காயத்தத் தின்னுபோட்டுத்தான் என்ற நிழல் வேலைக்குப் போறா. போயி, நான் சோம்பேறின்னு எழுதிக் குடுக்கறா!"

மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பில் செயலர் அம்மையார் கண் திறந்தார்.

"நிழலு திங்கறத நிழலே வெளைய வெக்கட்டுமுங்க. அப்பப் பாக்கலாம் அவ சாமர்த்தியத்த."

"அது தொழில்நுட்ப ரீதியாக…" என்று இயக்குநர் ஆரம்பித்தார்.

"ஓட்டிப் பாருங்க" என்றார் செயலர். இரண்டே வார்த்தை. அன்றைய விழாவில் அவர் பேசியதிலேயே அதுதான் நீளமானது.

சபூரா நெசச் சந்தையின் கதவை அடைத்துவிட்டு ஓட்டினாள். திரையில் வருடங்கள் ஓடின. முதல் வருடம் நிழல்கள் எல்லாம் திருப்பூரில். வெங்காயம் கிலோ தொள்ளாயிரம் ரூபாய். விலையைப் பார்த்த புத்திசாலி நிழல்கள் அத்தனையும் வேலையை உதறிவிட்டு ஊருக்குத் திரும்பின. இரண்டாம் வருடம் காடெல்லாம் வெங்காயம். கிலோ இரண்டு ரூபாய். மூன்றாம் வருடம் மறுபடியும் திருப்பூர். நான்காம் வருடம் ஊர். இஸ்திரி போட்ட சேலைகளும் வேட்டிகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தன. கூட்டத்தில் ஒருவர், "பஸ்ஸுக்காரனாவது பொழைக்கட்டும்" என்றார்.

பதினோராம் வருடத்தில் திரை நின்றது. 'நிலைத்தன்மை இல்லை. தீர்வு தேடப்படுகிறது' என்று எழுத்து வந்தது. இயக்குநர் கைக்குட்டையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் ஒன்றொன்றாக முயன்றது. விலையைக் கட்டிவைத்தது, பலிக்கவில்லை. பஸ் கட்டணத்தை ஏற்றியது. நிழல்கள் நடந்தே போயின. ஐந்து நிமிடம் கழித்து, நிழல்கள் ஊரிலேயே நின்றன. வெங்காயம் முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் நின்றது. திரையில் தீர்வு வந்தது.

'ஒவ்வொரு உழவருக்கும், ஒவ்வொரு பட்டத்துக்கும், விதைப்புக்கு முன், நிபந்தனையின்றி, ரூபாய் நாற்பத்திரண்டாயிரம்.'

முப்பதாயிரத்தை மிச்சம் பிடிக்கச் செய்த இயந்திரம் அது. செயலர் அந்த எண்ணைக் கையேட்டில் குறித்துக்கொண்டார்.

"இதைத்தான்" என்றார் முனைவர் வெற்றிவேந்தன், குரலை மீட்டுக்கொண்டு, "இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே வலியுறுத்தி வந்திருக்கிறேன்."

சித்திரை நடுவில் ஆணை வந்தது. ஊரே திரண்டு சபூராவின் மேசையைச் சுற்றி நின்றது. அவள் வாசித்தாள். பட்டத்துக்கு நாற்பத்திரண்டாயிரம், விதைப்புக்கு முன், நிபந்தனையின்றி. யாரோ விசில் அடித்தார்கள். அடுத்த வரியைப் படித்ததும் சபூராவின் குரல் இறங்கியது.

"முன்னோடித் திட்டமாக, முதல் ரெண்டு வருசத்துக்கு… நிழல் உழவர்களுக்கு மட்டும்."

"என்னது?"

"நிழல்கள் அந்தப் பணத்த எப்பிடிச் செலவழிக்குதுன்னு பாத்துட்டு, அப்பறம் உங்களுக்காமுங்க."

தங்கமுத்து தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். துளசிமணி நின்றுகொண்டே இருந்தாள். வைகாசி பிறக்க இன்னும் பதினேழு நாள். விசில் கொண்டு வருபவன் நாள் எண்ணிக்கொண்டிருப்பான்.

"என்ற நிழல் ஊருக்கு வந்துட்டாளா, அம்மணி?"

"வந்துட்டாங்கக்கா. ஆணை வந்த அன்னைக்கே."

"நல்லாருக்கட்டும். ஒருத்தியாவது நடட்டும்." சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். முதுகு நேராகத்தான் இருந்தது. ஆனால் அன்று ஊர் வரைக்கும் வாய் திறக்கவில்லை என்று தங்கமுத்து பிற்பாடு சொன்னார். அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

அதிலிருந்து எட்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு துளசிமணியின் போன் கிணுகிணுத்தது. நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் வந்திருப்பதாகச் செய்தி. யாரோ ஏமாற்றுகிறான் என்று நினைத்து அதைத் திட்டிவிட்டு ஆட்டுக்குத் தழை போட்டாள். பத்து மணிக்கு தங்கமுத்து ஓடி வந்தார். பதினொன்றுக்கு ஊர் முழுக்கத் தெருவில் நின்றது. மதியம் எல்லோரும் வட்டார அலுவலகத்தில் இருந்தார்கள்.

சபூரா ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, மறு கையால் அவர்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். போனிலிருந்து முனைவர் வெற்றிவேந்தனின் குரல் அறை முழுக்கக் கேட்டது. மைக் இல்லாமலேயே அவருக்கு அது கைவந்திருந்தது.

"பதினெட்டாயிரம் விண்ணப்பம்! ஒரே காலையில்! யார் பரிந்துரைத்தது? யார் சரிபார்த்தது?"

"நிழல்கள்தானுங்க சார், ரெண்டும்."

"நிழல் எப்படி விண்ணப்பம் போடும்?"

"வட்டார வழக்கத்துல இருக்குதுங்க சார். பட்டத்துக்கு முன்னால அதுகளும் கெணத்தடியில உக்காந்துச்சு. பொதுவுல பணம் வந்திருக்குது, எந்த வீடு அதிகமா நொந்திருக்குதுன்னு பாத்துச்சு. நிழலுக்கெல்லாம் ஏற்கெனவே உதவி வந்துருச்சு. பக்கத்துல இருக்கற நொந்த வீடு எதுன்னா இவங்க வீடுதானுங்க. ஒப்பிட்டுப் பாக்கறதுக்குன்னு நாமதான் நெசக் காட்டையும் அதுகளுக்குக் காட்டி வெச்சிருக்கறமே. அந்த வீடு தானாக் கேக்காது. அடுத்த வீடுதான் கேக்கோணும். அதனால ஒவ்வொரு நிழலும் அதோட ஆளுக்காகக் கேட்டிருக்குது."

"தவறு! திருப்பிப் பெறு!"

சபூரா தலைக்கு மேலிருந்த படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"நிழல் தப்புப் பண்ணாது, அதுக்கு மேல சரிபார்ப்பு தேவையில்லைன்னு ஆணையில இருக்குதுங்க சார். உங்க கையெழுத்து. காகிதத்துல பாதி அதான்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. மாலைச் செய்தியில், உழவர்களுக்கு நேரடியாகப் பணம் சேர்க்கும் தன் புதுமையான நிழல் பரிந்துரை முறையைப் பற்றி முனைவர் வெற்றிவேந்தன் பேட்டி கொடுத்தார். நெற்கதிரை இந்த முறை சரியாகப் பிடித்திருந்தார்.

வைகாசி ஐந்தாம் தேதி விதை வெங்காயம் வந்து இறங்கியது. சூரிய மின்சாரக்காரன் ஊருக்குள் வந்து, காட்டில் ஆறு பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வண்டியை நிறுத்தாமல் திருப்பினான். துளசிமணி நிமிர்ந்து, வாயில் இரண்டு விரலை வைத்து அவன் பின்னால் ஒரு விசில் அடித்தாள்.

சாயங்காலம் சபூரா பார்க்க வந்தாள். வரப்பில் உட்கார்ந்து கருவியைத் திறந்து காட்டினாள். திரையில் அதே காடு, அதே பெண், அதே வெங்காயம். இஸ்திரி கலைந்திருந்தது. ஒரு காலில் முழங்கால் வரைக்கும் சேறு.

"சீலைய மாத்தினது ஆரு?"

"ஆரும் மாத்தலீங்கக்கா. நட்டா அப்பிடித்தான ஆகும்." சபூரா சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள். "இன்னொண்ணுங்க. உங்க நிழல் அதோட ராக்கியப்பன் நாளையும் உங்களுக்கே குடுக்கச் சொல்லிருக்குது. இப்ப அதுக்குத் தண்ணி கம்மிதான்."

துளசிமணி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தங்கமுத்துவைக் கூப்பிட்டாள்.

"தங்கமுத்து, ஐப்பசிப் பட்டத்துக்கு முன்னால கெணத்தடியில உக்காருவோமல்லோ?"

"ஆமாங்க அண்ணி."

"அன்னைக்கு எனக்கு ஞாபகப்படுத்து. இவளுக்காக நான் கேக்கோணும்."